பையனுக்கு தாணுன்னு பேரு வைக்கணுமா? அர்த்தம் என்ன, எப்படி எழுதணும், எப்படி பதியணும்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நாகர்கோவில், சுசீந்திரம், பூதப்பாண்டி, தக்கலை பக்கம் வளந்தவங்களுக்கு தாணுங்கிற பேரு நல்லா பழக்கம், தெருவுல ஒரு தாணு அண்ணன், பலசரக்கு கடையில ஒரு தாணு மாமா, குடும்பத்துல ஒரு தாணு பாட்டான்னு யாராவது இருப்பாங்க. ஆனா இப்பம் பொறக்குற பிள்ளைக்கு பேரு தேடும்போ இந்த பேர யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க, எடுத்தாலும் "அது பழைய பேருல்லா, ஸ்கூல்ல பிள்ளைக கேலி பண்ணும், வெளியூர்க்காரனுக்கு வாயில நுழையாது"ன்னு தள்ளி வச்சிட்டு போன்ல ஷ், ஜ் வர்ற பேரா தேடிட்டு இருக்காங்க. எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம் உண்டு. தஞ்சாவூர்லயோ கோயம்புத்தூர்லயோ இந்த பேர லேசுல கேக்க முடியாது, பேர சொன்ன உடனே "நீங்க நாரோல் (நாகர்கோவில்) பக்கமா"ன்னு கேப்பாங்க, அந்த அளவுக்கு நம்ம மண்ணோட ஒட்டுன பேரு. அதனால பேரு யோசிச்சிட்டு இருக்குற அப்பா அம்மாமாருக்காக எனக்கு தெரிஞ்சத எல்லாம் ஒண்ணா எழுதுறேன், அர்த்தத்துல தொடங்கி பாஸ்போர்ட் வரைக்கும்.

மொதல்ல அர்த்தம். தாணுங்கிறது ஸ்தாணுங்கிற வடசொல்லு தமிழுக்கு வந்த உருவம். ஸ்தலம் தலம் ஆச்சு, ஸ்தானம் தானம் ஆச்சு, அதே கணக்குல முன்னாடி இருந்த ஸ் உதுந்து தாணு ஆயிட்டு. அசையாம நிக்கிறது, நட்டு வச்ச தூணு, கிளையும் இலையும் போன பெறவும் சாயாம நிக்கிற மரம், இதெல்லாம் அந்த சொல்லுக்கு உள்ள பொருள், அதுவே சிவனுக்கும் ஒரு பேரு. சிவனுக்கு அந்த பேரு வந்ததுக்கு புராணத்துல ஒரு கதை உண்டு: உயிர்கள படைன்னு பிரம்மா சொன்னதும் சிவன் தன்னப்போலயே சாவே இல்லாத ருத்ரர்கள படைச்சாரு, இப்படி வேண்டாம் சாவு உள்ளவங்கள படைன்னு பிரம்மா கேட்டதுக்கு, அது என்னால ஆகாதுன்னு சொல்லிட்டு தவத்துல அப்படியே அசையாம நின்னுட்டாரு, அதனால ஸ்தாணு. யாராவது "தாணுன்னா என்ன"ன்னு பையன்கிட்ட கேட்டா "அசையாம நிக்கிறவன், சிவன்"னு ரெண்டே வார்த்தையில அவன் சொல்லலாம், ஆறு வயசு பிள்ளைக்கு அது போதும், கதைய பெறவு நீங்க சொல்லிக் குடுங்க.

இனி தாணுமாலயன். சுசீந்திரம் கோயில்ல இருக்குற சாமிக்கு இந்த பேரு, நம்ம ஊர்ல தாணுன்னு பேரு வச்ச எல்லா குடும்பமும் கடைசியில இந்த கோயில்ல தான் வந்து நிக்கும். பேர பிரிச்சா தாணு, மால், அயன். தாணு சிவன், மால் விஷ்ணு, அயன் பிரம்மா. மூணு பேரும் ஒரே லிங்கத்துல இருக்காங்க, முடியில சிவன், நடுவுல விஷ்ணு, அடியில பிரம்மான்னு சொல்லுவாங்க, பேர முன்னாடியில இருந்து படிச்சா மேல இருந்து கீழ வரைக்கும் அதே வரிசையில வருது பாருங்க, இத கவனிச்ச பெறவு எனக்கு இந்த பேரு மேல இன்னும் பிரியம் கூடிட்டு. அத்திரி முனிவர் இல்லாத நேரம் மூணு பேரும் வந்து அனுசூயாவ சோதிச்சதும், அந்தம்மா அவங்கள கைக்குழந்தையா மாத்துனதும் இந்த கோயில் கதை தான், அத இங்க விரிக்கல. ஒண்ணு மட்டும் சொல்லணும், பிரம்மாவோட பேர நேரா பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் நம்மகிட்ட ரொம்ப குறைவு, இந்த ஒரு பேருக்குள்ள அயனும் அமைதியா சேந்து வந்துடுறாரு.

எழுதும்போ தான் பெரும்பாலும் தப்பு நடக்குது. மால் கூட அயன் சேந்தா மாலயன், ல குறில். பாதி பேரு இத தாணுமாலையன்னு எழுதுறாங்க, கழுத்துல போடுற மாலைன்னு நெனச்சி எழுதுறது, இன்னும் சிலர் தாணுமலையான்னு மலையாவே ஆக்கிடுறாங்க. பிரிச்சி வச்சி பாத்தா லை-க்கு எடமே இல்ல. அடுத்தது ண. தாணு, மூணு சுழி. தானுன்னு ரெண்டு சுழி போட்டா அது வேற சொல்லு, தனுன்னு குறில்ல எழுதினா அது வில்லு ஆயிடும். டைப் பண்றவங்க அவசரத்துல இந்த மூணுல எத வேணும்னாலும் அடிப்பாங்க, அதனால ஆஸ்பத்திரியில ஃபார்ம் குடுக்கும்போ நீங்களே பெரிய எழுத்துல தெளிவா எழுதி குடுங்க, வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க. ஸ்தாணுமாலயன்னு ஸ் போட்டு வைக்கலாமான்னு கேட்டா, கோயில் போர்டுலயே ரெண்டு மாதிரியும் எழுதுறாங்க, தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா பிள்ளைக்கு ஸ் இல்லாம வைக்கிறது தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன். நம்ம வாயி ஸ்-ஐ தனியா சொல்லாது, இஸ்தாணுன்னு தான் வரும், வீட்டுல எப்படியும் தாணுன்னு தான் விளிக்கப் போறோம், பேப்பர்லயும் அதுவே இருக்கட்டும்.

பழைய பேருன்னு சொல்றவங்களுக்கு நான் சொல்லுறது, ஆமா ரொம்ப பழசு தான், எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சா பெருமையா இருக்கும். கொல்லத்துல தரிசாப்பள்ளி செப்பேடுன்னு ஒண்ணு உண்டு, வேணாட்ட ஆண்ட அய்யனடிகள் அங்க உள்ள கிறிஸ்தவ பள்ளிக்கு (சர்ச்சுக்கு) நிலமும் உரிமையும் குடுத்த பட்டயம், கி.பி. 849னு கணக்கு சொல்லுவாங்க. அப்பம் ஆண்ட சேர ராஜா பேரு ஸ்தாணு ரவி, பட்டயத்துல கோத்தாணு இரவின்னு எழுதியிருக்கு. கோ-ன்னா அரசன், மீதி தாணு இரவி. ஆக ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேலயே நம்ம பக்கத்துல ஒரு ராஜா இந்த பேர ஸ் இல்லாம தமிழ் வழக்கத்துல போட்டிருக்காரு. வடக்கயும் இந்த பேரு உண்டு, ஹரியானாவுல குருக்ஷேத்திரம் பக்கத்துல தானேசர்னு ஒரு ஊரு, ஸ்தாணீஸ்வரம்ங்கிறது தான் தேஞ்சி தானேசர் ஆச்சு, ஹர்ஷரோட குடும்பம் ஆண்ட ஊரு அது. அதனால டெல்லி பக்கம் போய் பேரு சொன்னாலும் கோயில் குளம் தெரிஞ்சவங்களுக்கு இது அந்நியமா இருக்காது.

நம்ம மாவட்டத்து வரலாறுல இந்த பேரு ரெண்டு பக்கமும் நின்னுருக்கு. பட்டம் தாணு பிள்ளை திருவனந்தபுரத்துக்காரரு, 1948ல திருவிதாங்கூர் பிரதமர், 1954ல திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர், 1960ல இருந்து 62 வரைக்கும் கேரள முதலமைச்சர், பெறவு பஞ்சாப் கவர்னர், ஆந்திரா கவர்னர். நம்ம வீட்டு பெரியவங்க அந்த பேர கேட்டா முகம் மாறும், காரணம் 1954 ஆகஸ்ட் 11ம் தேதி மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் நம்ம பகுதிய தமிழ்நாட்டோட சேக்கணும்னு போராடுனவங்க மேல போலீஸ் சுட்டது அவரு ஆட்சியில தான். அதே நேரம் அந்த போராட்டத்த நடத்துன திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர்கள்ல ஒருத்தர் பேரு தாணுலிங்க நாடார், 1956 நவம்பர் 1ல நாம தமிழ்நாட்டோட சேந்த பெறவு 1957ல நடந்த பார்லிமெண்ட் தேர்தல்ல நாகர்கோவில் எம்.பி. ஆனதும் அவரு தான். சுட்ட ஆட்சிக்கும் தாணு, எதுத்து நின்ன இயக்கத்துலயும் தாணு. இது ஒரு சாதிக்காரங்க பேரு, ஒரு கட்சிக்காரங்க பேருன்னு யாராவது சொன்னா இத எடுத்து சொல்லுங்க.

இன்னொரு விசயமும் இங்க சொல்லித் தான் ஆகணும். இதே கோயில சுத்தியுள்ள ரோட்டுல நடக்குற உரிமைக்காக 1926ல டாக்டர் எம்.இ.நாயுடு தலைமையில சுசீந்திரத்துல சத்தியாகிரகம் நடந்துது, எல்லாரும் கோயிலுக்குள்ள போலாம்னு திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டது 1936 நவம்பர் 12ல தான். அதுக்கும் நூறு வருசத்துக்கு முந்தி, சாமிதோப்புல அய்யா வைகுண்டர் பொறந்தப்ப அப்பா அம்மா முடிசூடும் பெருமாள்னு தான் பேரு வச்சாங்க, உங்க சாதிக்கு இந்த பேரு ஆகாதுன்னு மேல்சாதிக்காரங்க எதுத்ததுல முத்துக்குட்டின்னு மாத்த வேண்டி வந்துது. பிள்ளைக்கு பிடிச்ச பேரு வைக்கிறதுக்கே விடாத ஊரா இருந்துச்சு இது. இன்னைக்கு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தாணுமாலயன்னு வைக்கலாம், யாரும் கேக்க முடியாது. உங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாருக்கும் இந்த பேரு இல்லன்னு தயங்கவே வேண்டாம், நீங்க தொடங்கி வைங்க.

சரி, எந்த உருவத்துல வைக்கிறது. வெறும் தாணு, ரெண்டே எழுத்து, கூப்பிட லேசு, இப்பத்த சின்ன பேரு மோகத்துக்கும் ஒத்து வரும், என்னோட முதல் ஓட்டு இதுக்கு தான். தாணுமாலயன் முழுசா வச்சா கோயில் பேரு அப்படியே வரும், வீட்டுல தாணுன்னு சுருக்கிக்கலாம். தாணுலிங்கம், தாணுமூர்த்தி, தாணுகிருஷ்ணன் இதெல்லாம் நம்ம ஊர்ல ஏற்கனவே புழக்கத்துல உள்ளது, தாத்தா பேரு அதுவா இருந்தா அப்படியே வைங்க. தாணுமாலயபெருமாள் கேக்க கம்பீரமா இருக்கும், ஆனா இங்கிலீஷ்ல பதினெட்டு எழுத்து வரும், பரீட்சை ஃபார்ம்ல கட்டம் நிரப்புறப்ப பிள்ளைக்கு கஷ்டம். புதுசா வேணும்னு நெனக்கிறவங்க தாணு ஆதவன், தாணு இனியன், தாணு கதிர்னு இன்னொரு சின்ன தமிழ் பேரு கூட சேத்துக்கலாம், காதுக்கு நல்லா இருக்கு. ஒண்ண மட்டும் செய்யாதீங்க, சர்டிபிகேட்ல பாட்டா ஆசைக்காக தாணுமாலயன்னு போட்டுட்டு வீட்டுல வேற ஸ்டைல் பேர வச்சி விளிக்கிறது. ஸ்கூல்ல முதல் நாள் டீச்சர் பேர வாசிக்கும்போ பிள்ளைக்கு அது தன்னோட பேருன்னே தெரியாது, அப்படி இருந்தா அந்த பேரு பேப்பர்ல மட்டும் தான் இருக்கும். வைக்கிறதுன்னு முடிவு பண்ணா வாயாலயும் விளிங்க, மக்கா, லே எல்லாம் கூட வரட்டும், ஆனா தாணுங்கிறது தெனமும் காதுல விழணும்.

நட்சத்திர எழுத்து பாக்குறவங்களுக்கு: தா எழுத்து சுவாதி 4ம் பாதத்துக்கு வரும், பூராடம் 2ம் பாதத்துக்கும் பூரட்டாதி 3ம் பாதத்துக்கும் வரும். வடமொழியில இது மூணும் மூணு வேற எழுத்து, தமிழ்ல எல்லாத்துக்கும் தா தான், அதனால உங்க ஜோசியர் ஒண்ண மட்டும் ஒத்துக்கலாம், கேட்டுக்கோங்க. மார்கழி திருவாதிரையில பொறந்த பிள்ளைக்கு எழுத்துப்படி தா வராது, ஆனாலும் அன்னைக்கு சுசீந்திரத்துல திருவிழா நாளுங்கிறதால தாணுன்னு வைக்க ஆசைப்படுவாங்க, எழுத்து பேர காதுல சொல்லிட்டு விளிக்கிற பேரா தாணு வச்சாலே போதும். நியூமராலஜிக்காக எழுத்து கூட்டி கொறச்சி பேர சிதைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்காது, அத இதோட விட்டுடுறேன்.

பேரு விளிக்கிற சடங்கு வீட்டுக்கு வீடு வேற. நம்ம மேற்கு பக்கம் 28ம் நாள் அரைஞாண் கெட்டும்போ பிள்ளைய மடியில வச்சி காதுல மூணு தடவ பேர சொல்லுவாங்க, சில வீட்டுல சோறு குடுக்குற அன்னைக்கு கோயில்ல வச்சி. சுசீந்திரம் கோயில்ல வச்சி செய்யணும்னா மார்கழி திருவிழா பத்து நாளையும் விட்டுட்டு வேற நாளு பாருங்க. மூணாம் நாளு மக்கள்மார் சந்திப்பு, கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலை முருகனும் அப்பா அம்மாவ பாக்க வர்ற நாளு, ஒம்பதாம் நாளு தேரு, அந்த கூட்டத்துல கைக்குழந்தைய தூக்கிட்டு போறது பாவம். சாதாரண வார நாள்ல காலையில போனா வடக்கேடத்துல (வடக்கு சன்னதி) தாணுமாலயன், தெக்கேடத்துல (தெக்கு சன்னதி) பெருமாள், பெறவு ஆஞ்சநேயர்னு நிதானமா பாத்துட்டு வரலாம். அர்ச்சனை சீட்டு எழுதுறவரு பிள்ளை பேரு கேக்கும்போ தாணுன்னு சொல்லிப் பாருங்க, அவரு முகத்துல ஒரு சந்தோசம் தெரியும்.

இங்கிலீஷ் ஸ்பெல்லிங். வழக்கமா எழுதுறது டி, ஹெச், ஏ, என், யு. சினிமா தயாரிப்பாளர் கலைப்புலி எஸ்.தாணு பேரும் இப்படித் தான் எழுதுறாங்க, அதனால தமிழ்நாட்டுல படிக்க கஷ்டம் இல்ல. வெளிமாநிலத்துல இத தனுன்னு வாசிப்பாங்க, தனு அங்க பொண்ணுங்களுக்கும் உள்ள பேரு. அது வேண்டாம்னா ஏ ரெண்டு போட்டு எழுதுங்க, நெடில்னு புரிஞ்சிடும். TH-க்கு பதிலா தனுஷ்ல வர்ற மாதிரி DH போட்டு தொடங்காதீங்க, அப்படி தொடங்கினா பேரு நிச்சயமா வில்லு பக்கம் போயிடும். மலையாளத்துல தாணுன்னா கீழ இறங்கிட்டு, தாழ்ந்துட்டுன்னும் ஒரு அர்த்தம் வரும், ஆனா பட்டம் தாணு பிள்ளை பேரு அங்க சின்ன பிள்ளைக்கும் தெரியும், பாறசாலைக்கு அந்தப் பக்கம் படிக்கப் போனாலும் அது பேருன்னு தான் எடுத்துப்பாங்க. எந்த ஸ்பெல்லிங்னாலும் சரி, வீட்டுல எல்லாரும் உக்காந்து ஒண்ண முடிவு பண்ணி அத எழுதி ஒட்டி வைங்க, ஆதார்ல ஒண்ணு, தடுப்பூசி அட்டையில ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணுன்னு போனா பின்னாடி ரொம்ப அலைச்சல்.

பதியுறதுக்கு வருவோம். பிள்ளை பொறந்து 21 நாளைக்குள்ள பிறப்ப பதியணும், பேரு அப்பமே முடிவாகணும்னு இல்ல, பேரு இல்லாமலே பதிஞ்சிட்டு ஒரு வருசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேர சேத்துக்கலாம், அதுக்கு மேல போனா தாமதக் கட்டணத்தோட 15 வருசம் வரைக்கும் நேரம் உண்டு. அதனால பெரியவங்க ஒரு பேரு, நீங்க ஒரு பேருன்னு சண்டை நடந்துட்டு இருந்தா அவசரப்பட்டு எதையாவது போட்டுடாதீங்க, பேசி முடிச்சிட்டு போடுங்க, ஏன்னா ஒரு தடவ ஏறுன பேர பெறவு வேற பேரா மாத்துறது லேசு இல்ல, அரசிதழ்ல வெளியிடணும், அதுக்கு ஆவணம், செலவு, காத்திருப்பு எல்லாம் உண்டு. 2023 அக்டோபர் 1ம் தேதியில இருந்து பொறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல சேக்குறதுல இருந்து லைசென்ஸ், ஓட்டு, கல்யாணப் பதிவு வரைக்கும் பிறப்பு சர்டிபிகேட்டே ஆதாரம்னு சட்டம் மாறியிருக்கு, அதனால தமிழ் எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் ரெண்டையும் அந்த எடத்துலயே நின்னு வாசிச்சிட்டு வாங்குங்க. ண இருக்கான்னு பாருங்க, ல-வா லை-யான்னு பாருங்க.

இனிஷியல் விசயம் தனியா. நம்ம வழக்கப்படி அப்பா பேரோட முதல் எழுத்து முன்னாடி வரும், ஸ்கூலுக்கு அது போதும். பாஸ்போர்ட்டுக்கு போனா இனிஷியல விரிச்சி எழுத சொல்லுவாங்க, அப்பம் தாணுங்கிறத பேரு கட்டத்துலயும் அப்பா பேர சர்நேம் கட்டத்துலயும் போடுங்க. ரெண்டு எழுத்து பேரு தானேன்னு சர்நேம காலியா விட்டுடாதீங்க, நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல இருக்காங்க, பிள்ளைகளும் லீவுக்கு அங்க போகும். 2022 நவம்பர்ல யுஏஇ ஒத்தப் பேரு மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு சொன்னப்ப நெறைய பேரு தவிச்சாங்க, பெறவு பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல அப்பா பேரு இருந்தா ஏத்துக்கலாம்னு தளத்துனாங்க. தாணுமாலயன்னு நீளமா வச்சவங்களுக்கும் இதே முறை தான், தாணுமாலயன ஒரே சொல்லா எழுதுங்க, தாணு தனியா மாலயன் தனியா எழுதிட்டா மாலயன சர்நேம் ஆக்கிடுவாங்க, அப்புறம் ஏர்போர்ட்ல பிள்ளைய மிஸ்டர் மாலயன்னு விளிப்பாங்க.

பாட்டாவோட பழைய பத்திரம் ஒண்ணுல ஸ்தாணுன்னு இருக்கு, இன்னொண்ணுல தாணுன்னு இருக்கு, பேரனுக்கு எதப் பாத்து எழுதுறதுன்னு கேக்குறவங்களுக்கு, ரெண்டையும் பாக்க வேண்டாம். பிள்ளை பேரு பாட்டா பேப்பரோட ஒத்துப் போகணும்னு எந்த ஆபீஸ்லயும் கேக்க மாட்டாங்க, அப்பா அம்மா பேரு ஸ்பெல்லிங் மட்டும் அவங்க ஆதார்ல உள்ள மாதிரி இருந்தா போதும்.